அடுக்குகளைப் படித்த மனிதர்: ராபர்ட் புரூஸ் ஃபூட்

சிவில் பசங்களுக்கு ஸ்ட்ராட்டா புதுசு இல்ல. சாயில் மெக்கானிக்ஸ்ல வரும், போர் லாக்ல வரும். ஒரு அடுக்குன்னா ஸ்ட்ராட்டம், பல அடுக்குன்னா ஸ்ட்ராட்டா. அதனால ஸ்ட்ராட்டாஸ்னு எழுதுறது தப்பு. லத்தீன்ல இதுக்கு விரிக்கப்பட்டதுன்னு அர்த்தம். பாய் மேல பாய் விரிச்ச மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்தவை.

ரிஷிவந்தியம் பக்கம் போர் போட்டா செம்மண், கிராவல், சிதைந்த பாறை, கெட்டிப் பாறைன்னு வரும். சைட்ல எல்லாத்தையும் ஸ்ட்ராட்டான்னுதான் சொல்றோம். ஆனா புவியியல்ல கறாரா பார்த்தா, நம்ம ஊர்ப் பாறை படிந்து வந்தது இல்ல. ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதோட மேல்பகுதிதான் சிதைந்து மண்ணாச்சு. படிந்த அடுக்குகளில், புரட்டிப் போடப்படாத வரை, கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. இந்த ஒரு விதியை வைத்து இந்திய மனிதனின் வயதையே மாற்றி எழுதியவர் ஃபூட்.

1834-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1858-இல், 24 வயதில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வில்லியம் கிங் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் சில பகுதிகளை ஆய்வு செய்து அறிக்கை எழுதினார். நம்ம ரிஷிவந்தியமும் அப்போ தென்னாற்காடு மாவட்டம்தான்.

அந்தக் காலத்தில் மனித வரலாறு சில ஆயிரம் வருஷம்தான்னு நம்பினவங்க நிறைய பேர். பிரான்சில் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரளை அடுக்குகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்போடு கற்கருவிகள் கிடைத்ததை 1859-இல்தான் ஆங்கிலேய அறிஞர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்தச் செய்தி ஃபூட் மனசில் இருந்தது.

1863 மே 30. பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழி ஒன்றின் பக்கத்தில், வெளியே கொட்டிக் கிடந்த குவியலில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி! ஆனா ஒரு சிக்கல். குவியலில் கிடந்த கல் எந்த அடுக்கிலிருந்து வந்ததுன்னு எப்படி உறுதியா சொல்றது? அடுக்கு தெரியலன்னா அது வெறும் கல்தான், வயசு சொல்லாது. அதனால அவர் அதோட நிக்கல. அதே வருஷம் செப்டம்பரில் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே கருவிகள் செம்புறைச் சரளை அடுக்குக்குள்ளேயே பதிந்து இருந்தன. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி.

1891-இல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கல. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக வேலை செய்தார். வாழ்நாள் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கியது. தமிழ் அறிந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மருமகன் இவர். கடைசிக் காலத்தில் வீடு ஏற்காட்டில். 1912 டிசம்பர் 29-இல் இறந்தார். ஒவ்வொரு கல்லும் எங்கே கிடைத்ததுன்னு சொல்லும் அவருடைய பட்டியல், அவர் போன பிறகுதான் அச்சில் வந்தது.

கதை அங்கே முடியல. அத்திரம்பாக்கத்தில் அடியில் இருந்த களிமண் அடுக்கை டைனோசர் காலத்துப் பாறைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. அதுல மனிதக் கருவி இருக்க வாய்ப்பே இல்லல்ல? சாந்தி பாப்பு குழுவினர் தோண்டினப்போ அதுக்குள்ளேயும் கைக்கோடரிகள்! 2011-இல் வெளியான ஆய்வுப்படி அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள். ஒரு அடுக்கைத் தப்பா படிச்சதால இத்தனை காலம் மறைந்திருந்த வரலாறு.

நமக்கும் இதே ஆபத்து உண்டு. மண்ணுக்குள் தனியாகக் கிடக்கும் பாறாங்கல்லை அடிப்பாறைன்னு நினைச்சு அஸ்திவாரம் போட்டா கட்டடம் ஒரு பக்கம் இறங்கும். அதனால போர் லாக் எழுதும்போது ஹார்டு ஸ்ட்ராட்டான்னு மட்டும் எழுதி முடிச்சுடாதீங்க. எத்தனை அடியில் தொடங்குது, எத்தனை அடி வரை போகுது, படிந்ததா, சிதைந்ததான்னு சேர்த்து எழுதுங்க. சென்னை போனா எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கற்களையும் ஒரு முறை பார்த்துட்டு வாங்க.