ஓசையைக் கொண்டு இடமறிந்த மேதை

ரெட்டிபாளையத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஓசை நெடுந்தொலைவு கேட்கும். அது வந்த திசையை ஒருவாறு சொல்லிவிடலாம். வெடித்த இடத்தை வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்ட முடியுமா? முடியும் என்று போர்க்களத்திலே செய்து காட்டியவர் சர் லாரன்ஸ் பிராக்.

இவர் 1890ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்தார். தந்தை வில்லியம் ஹென்றி பிராக் பௌதிகப் பேராசிரியர். எக்ஸ் கதிர்களால் படிகங்களின் அணு அமைப்பை அறியும் விதியை மகன் 1912இல் கண்டார். சுண்ணாம்புக்கல்லில் நிறைந்துள்ள கால்சைட்டின் அமைப்பையும் 1914இல் வெளியிட்டார்.

அவ்வாண்டே முதல் உலகப்போர் மூண்டது. மறைந்திருந்து சுடும் பகைவரின் பீரங்கிகளை ஓசையால் கண்டறியும் பணியை, 1915இல் பிரிட்டிஷ் இராணுவம் பிராக்கிடம் ஒப்படைத்தது. அந்தச் செப்டம்பரில் தம்பி ராபர்ட் கலிப்பொலிப் போரில் மாண்டார். நவம்பரில் தந்தைக்கும் மகனுக்கும் நோபல் பரிசு என்ற செய்தி வந்தது. அப்போது மகனுக்கு வயது 25.

துயரமும் புகழும் ஒருசேர வந்தபோதும் அவர் பணியில் தளரவில்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆகவே ஒரே முழக்கம், வெவ்வேறிடங்களில் வைத்த ஒலிவாங்கிகளை வெவ்வேறு நேரங்களில் எட்டும். அந்த நேர வேறுபாடுகளை அளந்தால், ஓசை புறப்பட்ட இடம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு தடை நேர்ந்தது. ஒலியினும் விரைந்து பாயும் குண்டின் கூரிய ஓசையைப் பதிந்த கருவிகள், பீரங்கியின் தாழ்ந்த முழக்கத்தைச் சரிவரப் பதியவில்லை.

அம்முழக்கம் செவிக்கு மெலிதாயினும் காற்றை வலுவாக உந்துவதைப் பிராக் உணர்ந்தார். அவருடன் பணியாற்றிய டக்கர், சூடேற்றிய மெல்லிய கம்பியால் 1916இல் புதிய ஒலிவாங்கி அமைத்தார். காற்று உந்தியதும் கம்பி குளிரும். அதன் மின்தடை மாறும். அம்மாற்றம் படச்சுருளில் பதியும். காற்றின் வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பக் கணக்கைத் திருத்திக்கொண்டனர். 1917 நவம்பரில் காம்பிரே போரில், முன்கூட்டிச் சுட்டுப் பார்க்காமலே பகைப் பீரங்கிகளைக் குறிவைக்க இம்முறை துணைசெய்தது.

போருக்குப்பின் படிக ஆராய்ச்சிக்கே திரும்பினார். முதுமையில் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பள்ளிச் சிறுவர் சிறுமியருக்குச் சோதனைகள் செய்துகாட்டி விஞ்ஞானம் கற்பித்து மகிழ்ந்தார். 1971 ஜூலை 1ஆம் நாள் மறைந்தார்.

காதைத் துளைத்த ஓசையை விட்டு, காதுக்கு எட்டாத முழக்கத்தை நாடியதாலன்றோ அவர் வென்றார்! தோழியரே, நாமும் ஆரவாரத்தில் மயங்காது, மெல்லிய உண்மைகளுக்குச் செவிசாய்க்கப் பழகுவோமாக!