வரும் வெள்ளம் கண்ட பொறியாளர்

1908ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், ஐதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசியாறு பெருகி ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டு சென்றது. சிதைந்த நகரைச் சீரமைக்க நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் அரசு அழைத்த பொறியாளரே, மைசூர் நாட்டு முத்தெனஹள்ளியிற் பிறந்த விசுவேசுவரய்யா (1861–1962) ஆவார்.

இடிந்ததைக் கட்டித் தந்து அவர் விடைபெற்றிருப்பினும் எவரும் குறை கூறியிரார். அவரோ நகரை விடுத்து ஆற்றின் மேற்பகுதியை ஆராய்ந்தார். அங்கிருந்த நூற்றுக்கணக்கான ஏரிகளுள் 200க்கும் மேற்பட்டவை உடைந்தமையே வெள்ளத்தைப் பெருக்கியது எனக் கண்டறிந்தார். ஏரிகளை நம்பி வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மழைக் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டு, இத்தகைய வெள்ளம் மீண்டும் வரும் என்றே கொண்டு திட்டம் வகுத்தார். நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் அமைத்து, வெள்ளத்தை அங்கேயே தடுத்து, ஆறு தாங்கும் அளவுக்கே திறந்துவிடுவது அத்திட்டம். அழைத்த மன்னர் 1911இல் மறைந்தார். ஆயினும் மைந்தர் உஸ்மான் அலி கான் திட்டத்தைக் கைவிடவில்லை. 1920இல் உஸ்மான் சாகரும், 1927இல் ஹிமாயத் சாகரும் நிறைவுற்றன. வெள்ளம் தடுக்க எழுந்த அவை நகருக்குக் குடிநீரும் தந்தன.

இதற்கிடையே 1909இல் மைசூரின் தலைமைப் பொறியாளரான அவர், கண்ணம்பாடியில் காவிரிக்கு அணை வகுத்தார். திப்பு சுல்தான் 1794இல் அணை கட்ட முனைந்ததைக் கூறும் பாரசீகக் கல்வெட்டு கிடைத்ததும் அவ்விடத்தேதான். சென்னை அரசு சிறிய அணைக்கே இசைந்தது. மைசூரோ பேரணைக்கு ஏற்ற அகலத்திலேயே அடித்தளம் இட்டது. மைசூருக்கு அது தொலைநோக்கு. தஞ்சை உழவருக்கோ அச்சம். இரண்டையும் நாம் மறுக்க இயலாது. 1924ஆம் ஆண்டு உடன்பாட்டின் பின்னரே பேரணைக்கு வழி பிறந்தது.

1912 முதல் மைசூர்த் திவானாக விளங்கிய அவருடைய பார்வை எட்டாத இடமும் ஒன்றுண்டு. அரசுப் பணிகளில் முஸ்லிம்கள் உள்ளிட்ட பிராமணரல்லாதாருக்கு உரிய பங்களிப்பது பற்றி ஆராய, மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1918இல் மில்லர் குழுவை அமைத்தார். தகுதி குன்றும் என அஞ்சிய விசுவேசுவரய்யா அதற்கு உடன்படாமல் பதவி விலகினார். குழு தன் அறிக்கையை அளித்தபோது, திவானின் இருக்கையில் அவர் இல்லை.