கண் வைத்தியர் ஜாக் தாவியேல்

பிரான்சு தேயத்தின் வடபாலுள்ள நார்மண்டி நாட்டில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிறந்தவர் ஜாக் தாவியேல் என்பார். இளமையில் ருவான் நகரத்தில் இரண வைத்தியம் பயின்று, படையிலும் அத்தொழில் புரிந்தார். 1720-இல் மார்செய்த் துறைமுகத்துட் கொள்ளைநோய் புகுந்து நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரை மாய்த்தது. இயன்றோரெல்லாம் ஊரை விட்டோட, இவர் தாமே விரும்பி அவ்வூருட் புகுந்தார். நோய் தணிந்த பின்னரும் ஆங்கே தங்கி, அறுவைத்தொழில் புரிந்தும் மாணாக்கர்க்கு உடற்கூறு கற்பித்தும் வந்தார். பின்னர்க் கண் வைத்தியம் ஒன்றையே தம் தொழிலாகக் கொண்டார்.

அக்காலத்துக் கண்புரை வைத்தியம் இன்னதென அறிந்தாலன்றி இவர் செயலின் அருமை விளங்காது. கண்மணியின் பின்னே தெளிந்த வில்லை ஒன்று உளது. அது மங்குவதே புரை. வில்லையின் முன்னர்த் தோன்றும் தோலே புரையென மேனாட்டார் நெடுங்காலம் கருதியிருந்தனர். 1705-இல் பிரிசோ என்பார் இறந்த போர்வீரன் ஒருவனது கண்ணை அறுத்து ஆராய்ந்து, மங்கியது வில்லையே எனக் காட்டினார். வைத்தியர் ஊசியைக் கண்ணுட் செலுத்தி அவ்வில்லையைக் கீழே அமிழ்த்துவர். நம் நாட்டுச் சுசுருத நூலிலும் ஊசிகொண்டு செய்யும் இத்தகைய முறை கூறப்பெற்றுளது. அமிழ்த்திய வில்லை மீண்டும் மேலெழுதலும், கண் அழற்சியுற்றுக் கெடுதலும் அன்று மிகுதி. இசைப்பேரறிஞர் பாக் என்பார் 1750-இல் இம்முறைக்குத் தம் கண்களை ஒப்புவித்து, பார்வை முற்றும் இழந்து, அவ்வாண்டிலேயே மறைந்தார்.

1745-இல் ஒரு துறவியின் கண்ணில் தாவியேல் ஊசியிட்டபோது, வில்லை அமிழாது சிதைந்து முன்புறம் வந்து வீழ்ந்தது. வேறு வழி காணாது, விழியின் முன்னுள்ள தெளிந்த தோலை அறுத்துச் சிதைவுகளை வெளியேற்றினார். துறவிக்குப் பார்வை வந்தது. ஆயினும் அக்கண் சீழ்கொண்டு அழிந்தது. பிறரெனின் அத்துடன் அஞ்சி விடுத்திருப்பர். இவரோ கெட்டதை மறவாமல், ஒருகணம் தெரிந்த பார்வையையே பற்றிக்கொண்டார். வில்லையை ஏன் அமிழ்த்த வேண்டும்? எடுத்துவிடலாகாதோ?

1747-இல் பாரிஸ் நகரில் அதனைத் துணிந்து செய்தார். மயக்க மருந்தும் தையலும் இல்லாத காலம் அது. நோயாளரை நாற்காலியில் இருத்தி, துணைவர் ஒருவர் தலையைப் பற்றிக்கொள்வர். கத்தியாலும் வளைந்த கத்தரியாலும் விழித்தோலின் கீழ்ப்பாதியை அறுத்து மேலே உயர்த்தி, வில்லையின் உறையைக் கிழித்து, விழியை மெல்ல அழுத்த, வில்லை நழுவி வெளிவரும். 1749-இல் பதினைந்தாம் லூயி மன்னரின் கண் வைத்தியரானார். 1752-இல் அறுவை வைத்தியர் கழகத்தின் முன் தம் முறையை விளக்கினார். 206 கண்களில் 182 நலம் பெற்றன என்பது அவர் காட்டிய கணக்கு.

இவர் உறையின் முன்புறத்தைத் திறந்தனரேயன்றிப் பின்புறத்தை அகற்றினாரல்லர். அதன் பின்னுள்ள கூழ் போன்ற பொருள் வெளிப்போகாது காப்பது அம்மெல்லிய தோலே. எனினும் தொல்லையும் அதனாலேயே தொடர்ந்தது. உறையில் எஞ்சிய உயிரணுக்கள் பெருகிப் பின்தோலின்மேற் படர, சில திங்களோ சில ஆண்டோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கலாகும். புரையே திரும்பிற்றென நோயாளர் கலங்குவர். வில்லையே போனபின் புரை எங்ஙனம் வரும்? நெடுங்காலம் மருத்துவர் மறுபடியும் கருவியைக் கண்ணுட் செலுத்தியே அத்தோலைக் கிழித்து வந்தனர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உறையோடு வில்லையை எடுக்கும் வழக்கம் பரவிற்று. ஆனால் 1949-இல் இலண்டனில் ரிட்லி என்பார் செயற்கை வில்லை பொருத்தத் தொடங்கிய பின்னர், அதனைத் தாங்க உறை வேண்டியதாயிற்று. தாவியேல் வழியே காலப்போக்கில் மீண்டது, மங்கும் தோலும் உடன் மீண்டது.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரோன்-ரோசா என்னும் அம்மையார் பாரிஸிலும், ஃபான்காசர் என்பார் சுவிட்சர்லாந்திலும் லேசர் ஒளியால் அத்தோலைத் திறக்கும் வழியைத் தனித்தனியே கண்டனர். இன்று வழங்கும் கருவியில் ஒவ்வோர் ஒளித்துடிப்பும் ஒரு நொடியை நூறு கோடியாக வகுத்ததிற் சில பங்கே நீடிக்கும். கண்ணுக்குப் புலனாகாத அவ்வொளி குவியுமிடத்தில் நுண்ணிய அதிர்ச்சி எழுந்து, மங்கிய தோலின் நடுவே சாளரம் போல் வழி திறக்கும். கத்தியில்லை, சில நிமிடங்களே வேண்டும். கண்ணினுள் அழுத்தம் சிறிது உயர்தலும், அரிதாக விழித்திரை பிரிதலும் உண்டாதலின் பின்னரும் மருத்துவர் நோக்கி வருவர். தாவியேல் வில்லையெடுத்த அந்நகரிலேயே, அவர் விட்டுச்சென்ற தோலுக்கும் வழி பிறந்தது எமக்குப் பெருவியப்பே.

தாவியேல் இறுதியில் தொண்டை நோயுற்று, மருத்துவம் நாடி ஜெனீவா சென்றார். 1762 செப்டம்பர் 30-ஆம் நாள் ஆங்கே உயிர் நீத்தார். அவர் உடல் அந்நகருக்கு அணித்தாகிய கிராண்ட் சக்கோனே என்னும் சிற்றூரில் அடக்கம் செய்யப்பெற்றது.