நாட்டுப்பாடலுக்கு மதிப்புத் தேடித்தந்த நா. வானமாமலை



ஏத்தம் இறைக்கிறவர் பாட்டு, நாத்து நடுற பொம்பளைங்க பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. இதெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவங்க பாடுறதுதானே என்று படித்தவர்கள் பலர் ஒதுக்கி வைத்திருந்த காலம் உண்டு. அதிலும் சரித்திரம் இருக்கு, அறிவு இருக்கு என்று எடுத்துக்காட்டியவர் பேராசிரியர் நா. வானமாமலை.

1917-ல் திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரியில் பிறந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்தினார். பொதுவுடைமைக் கொள்கைக்காரர். உழைக்கிற ஜனங்களோடு பழகியதால் அவர்கள் பாட்டின் அருமை அவருக்குத் தெரிந்தது.

1964-ல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பு வந்தது. அதில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் ஊரும் இருக்கும். நண்பர்கள் அலைந்து திரிந்து கொண்டுவந்ததைத் தன் பேரில் போட்டுக்கொள்ளாத மனசு அது!

கதைப்பாடல்களையும் விடவில்லை. கட்டபொம்மன் கதை, கான்சாகிபு சண்டை, முத்துப்பட்டன் கதை எல்லாம் அவர் பதிப்பித்தவை. முத்துப்பட்டன் பிராமணன். சக்கிலியர் குலத்து அக்கா தங்கச்சி இருவரை விரும்புகிறான். பெண்களின் அப்பா சொன்னபடி பூணூலைக் கழற்றிவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு கல்யாணம் செய்கிறான். கடைசியில் மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் சாகிறான். கைத்தொழில் கேவலம் இல்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்ல முடியும்? லேத்தும் ஃபைலும் பிடிக்கிற நமக்கு இது நம்ம கதை மாதிரியே இருக்கு.

1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969 முதல் 'ஆராய்ச்சி' என்ற பத்திரிகை நடத்தினார். விஞ்ஞானத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்காக 'தமிழில் முடியும்' என்ற நூலும் கொண்டுவந்தார். 1980-ல் காலமானார்.

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். எங்க ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் நடவுப் பாட்டு ஆரம்பித்தால் நிறுத்தாது. வானமாமலையைப் பற்றிப் படித்த பிறகுதான், படிப்பு எங்க வீட்டுக்குப் புதுசு, அறிவு புதுசில்லை என்பது புரிந்தது.

நண்பர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எத்தனையோ கழனிகள் கம்பெனியாகவும் பிளாட்டாகவும் மாறிவிட்டன. நாத்து நட்ட கைகள் இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு. இந்த லீவில் செல்போனை எடுத்துக்கொண்டு அவங்க பக்கத்தில் உட்காருங்க. பாட்டைப் பதிவு செய்யுங்க. பாடினவர் பேரையும் ஊரையும் மறக்காம எழுதுங்க. அவங்க போயிட்டா பாட்டும் கூடவே போயிடும்.