50 வயது வரை திடலில் நின்ற ஸ்டான்லி மெத்தியூஸ்

காற்பந்து ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட சிறு அட்டைகளைச் சேர்ப்பதும், அவற்றில் அவர்களிடமே கையொப்பம் வாங்கி வைப்பதும் இங்கிலாந்தில் பல தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம். உலகக் கிண்ணம் நெருங்கினால் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஸ்டிக்கர் புத்தகத்தோடு உட்கார்ந்து விடுகிறார்கள். ஆட்டக்காரரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய ஆட்டங்களைப் பேசுவதில் ஒரு தனி சுகம் உண்டு.

இந்த அட்டைகள் முதலில் விளையாட்டுக்காக உண்டானவை அல்ல. அந்தக் காலத்துச் சிகரெட் பொட்டலம் மெல்லிய தாளால் ஆனது. சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். பிறகு அதில் படம் அச்சிட்டார்கள். பின்புறம் ஆட்டக்காரரைப் பற்றி நாலு வரி எழுதினார்கள். கடையை விட்டு வெளியே வரும் ஆண்களிடம் சிறுவர்கள் அட்டையைக் கேட்டு வாங்கிக் கொள்வார்கள். 1940இல் போரால் தாள் தட்டுப்பாடு வந்தபோதுதான் இந்த வழக்கம் நின்றது.

1930களில் அப்படிச் சிறுவர்களின் சட்டைப் பைக்குள் புகுந்த முகங்களில் ஒன்று ஸ்டான்லி மெத்தியூஸ். வேடிக்கை என்னவென்றால், அவர் புகை பிடிக்காதவர், மது அருந்தாதவர். ஆனாலும் பிற்காலத்தில் ஒரு சிகரெட் விளம்பரத்திலும் அவர் முகம் வந்தது. சம்பளம் குறைவாக இருந்த காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விளம்பரப் பணம் பெரிய உதவி.

மெத்தியூஸ் 1915 பிப்ரவரி 1ஆம் தேதி, ஸ்டோக் நகரின் ஹேன்லி பகுதியில் பிறந்தார். மட்பாண்டத் தொழிற்சாலைகள் நிறைந்த, உழைப்பாளிகளின் ஊர் அது. தந்தை ஜேக் முடிதிருத்துநர், குத்துச்சண்டை வீரரும்கூட. நான்கு ஆண்பிள்ளைகளில் மூன்றாமவரான ஸ்டான்லியும் குத்துச்சண்டைக்கு வரவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ பந்தை விடவில்லை. பள்ளி மாணவர்களுக்கான இங்கிலாந்து குழுவில் 1929இல் இடம் கிடைத்ததும் தந்தை வழிவிட்டார். அதிகாலையில் எழுந்து மூச்சுப் பயிற்சி, உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்ற அவருடைய கண்டிப்பு மட்டும் மகனிடம் கடைசி வரை தங்கிவிட்டது.

17 வயதில் ஸ்டோக் சிட்டி குழுவில் தொழில்முறை ஆட்டக்காரராகச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 5 பவுண்டு; ஆட்டம் இல்லாத கோடையில் 3 பவுண்டு. வலது ஓரத்தில் ஆடும் விங்கர் அவர். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு தற்காப்பு ஆட்டக்காரரை நேருக்கு நேர் நெருங்குவார். இடப்பக்கம் சாய்வதுபோல் உடலைக் காட்டுவார். எதிராளி அந்தப் பக்கம் அசைந்த கணத்தில் வலப்பக்கம் பறந்துவிடுவார். இதைத்தான் செய்யப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தடுக்க முடியவில்லை. 1934இல் 19 வயதில் இங்கிலாந்து குழுவுக்குள் வந்தார்.

1938இல் அவர் குழு மாற விரும்பியபோது, அவரைப் போக விடக்கூடாது என்று ஸ்டோக் ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கூட்டம் போட்டார்கள். அவர் தங்கிவிட்டார். அதே ஆண்டு பெர்லினில் நடந்த ஆட்டத்துக்கு முன்பு, இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் மேலிடத்து உத்தரவின் பேரில் நாஜி முறையில் கை உயர்த்த வேண்டி வந்தது. ஆட்டத்தில் இங்கிலாந்து 6-3 என வென்றது. மெத்தியூஸும் கோல் அடித்தார். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கை உயர்த்திய படத்தைத்தான்.

போர் முடிந்த பிறகு, 1947இல் 11,500 பவுண்டுக்கு பிளாக்பூல் குழுவுக்கு மாறினார். அந்தப் பணம் குழுவுக்குப் போனது, ஆட்டக்காரருக்கு அல்ல. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்த காலம் அது. 1961இல் அந்த வரம்பு நீக்கப்பட்டபோதும் அதன் அளவு வாரம் 20 பவுண்டுதான். திடலை நிறைப்பவரும் கடைசி வரிசையில் ஆடுபவரும் அந்த வரம்புக்குள்தான் வாழ்ந்தார்கள்.

பிளாக்பூல் 1948, 1951 ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் தோற்றது. 1953 மே 2ஆம் தேதி வெம்ப்ளியில் மூன்றாவது வாய்ப்பு. மெத்தியூஸுக்கு வயது 38. போல்ட்டன் குழு 3-1 என முன்னணியில் இருந்தது. பிறகு வலது ஓரத்தில் அவர் ஆட்டத்தைத் தன் வசமாக்கிக்கொண்டார். ஸ்டான் மோர்ட்டென்சன் தம் மூன்றாவது கோலை அடித்துச் சமப்படுத்தினார். கடைசி நிமிடத்தில் மெத்தியூஸ் தந்த பந்தை பில் பெர்ரி வலைக்குள் செலுத்த, 4-3 என வெற்றி. அந்த ஆட்டத்துக்கு மெத்தியூஸ் இறுதியாட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று கோல் அடித்த நண்பர் இருக்க, தம் பெயர் வைத்ததில் அவருக்கு உடன்பாடில்லை.

1956இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் டி'ஓர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, 41 வயதான மெத்தியூஸ் அதைப் பெற்றார். 42 வயதிலும் நாட்டுக்காக ஆடினார். மொத்தம் 54 அனைத்துலக ஆட்டங்கள். திங்கட்கிழமைகளில் உண்ணாமல் இருப்பதும், காலையில் கடற்கரையில் ஓடுவதும் அவருடைய வழக்கம்.

1961இல் 46 வயதில் சொந்த ஊருக்கே திரும்பினார். அவருடைய முதல் ஆட்டத்தைக் காண 35,000க்கும் அதிகமானோர் வந்தனர். 1963இல் ஸ்டோக் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1965இல் சர் பட்டம் கிடைத்தது; ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிறப்பைப் பெற்ற காற்பந்து ஆட்டக்காரர் அவர். அதே ஆண்டு பிப்ரவரி 6ஆம் தேதி, 50 வயதும் 5 நாளும் ஆன நிலையில் கடைசி லீக் ஆட்டத்தில் இறங்கினார்.

அட்டைகள் பேசாத பகுதி அதற்குப் பின் வருகிறது. நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த தென்னாப்பிரிக்காவில், கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்ட சொவேட்டோவில் மாணவர்களுக்குக் காற்பந்து கற்றுக் கொடுத்தார். அவர்களை ஒரு குழுவாக்கி 1975இல் பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். பெர்லினில் கை உயர்த்தியது மேலிடத்து உத்தரவு. சொவேட்டோவுக்குப் போனது அவருடைய சொந்த முடிவு.

2000 பிப்ரவரி 23ஆம் தேதி 85 வயதில் மறைந்தார். இறுதி ஊர்வலத்தைக் காண ஸ்டோக் வீதிகளில் பெருங்கூட்டம் நின்றது. அவருடைய அஸ்தி, ஸ்டோக் சிட்டி அரங்கத் திடலின் நடுவட்டத்துக்கு அடியில் வைக்கப்பட்டது.

நீண்ட காலம் வாழ்ந்து பலருக்கும் கையெழுத்திட்டதால், அவருடைய கையொப்பம் இன்றும் சந்தையில் கிடைக்கிறது. 1958 மியூனிக் விமான விபத்தில் 21 வயதில் இறந்த டங்கன் எட்வர்ட்ஸின் கையொப்பமோ மிக அரிது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல அட்டைகளில் கையொப்பமும் அச்சிடப்பட்டே வரும். பூதக்கண்ணாடியில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. பேனா மை தாளில் ஊறிய கோடாகத் தெரியும்.

நம் நாட்டில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் 1988இலும், மொக்தார் டஹாரி 1991இலும் மறைந்தார்கள். அவர்கள் இனிக் கையெழுத்திடப் போவதில்லை. பழைய ஆட்டப் புத்தகத்திலோ படத்திலோ அவர்கள் கையொப்பம் உங்கள் வீட்டில் இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். அதன் வெப்பமும் பசையும் மையைக் கெடுக்கும். உறையில் இட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். எந்த ஆட்டத்தில், யார் வாங்கியது என்று ஒரு தனித் தாளில் எழுதி உடன் வைத்தால், பேரப்பிள்ளைகளுக்கும் கதை தெரியும்.