வள்ளல் பச்சையப்பர் ஈட்டியதும் வைத்ததும்

நம் கல்லூரியில் பயில்வோருள் பூந்தமல்லிப் பக்கமிருந்து பேருந்தேறி வருவோர் பலர். அவ்வூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலை இன்று பெரியார் பெயரைத் தாங்கி நிற்பினும், முதியோர் வாயில் அது இன்னும் பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். அச்சாலையில் சேத்துப்பட்டை நெருங்கும்போது பச்சையப்பன் கல்லூரியின் பெரு வளாகம் கண்ணில் படும். நடத்துநர் பச்சையப்பாஸ் என்று குரல் கொடுப்பார், சிலர் இறங்குவர், வண்டி நகர்ந்துவிடும். அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால், வள்ளல் என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடுவோம். வள்ளல் என்ற சொல் ஒருவர் கொடுத்ததைச் சொல்லும்; அவர் எப்படிச் சேர்த்தார், சேர்த்தது எப்படி நிலைத்தது என்பதைச் சொல்லாது. இக்கட்டுரை அந்தச் சொல்லப்படாத பகுதியைப் பற்றியது.

பச்சையப்பர் 1754-ஆம் ஆண்டு பெரியபாளையத்தில் பிறந்தார். ஆடி மாதத்தில் வேப்பிலையும் மஞ்சளுமாக மக்கள் திரளும் பவானி அம்மன் கோயில் உள்ள அதே பெரியபாளையந்தான். தந்தையார் காஞ்சிபுரத்து விசுவநாத முதலியார். மகன் முகத்தைக் காணுமுன்பே அவர் மறைந்துவிட்டார். தாயார் பூச்சியம்மாள் இரண்டு பெண்மக்களையும் வயிற்றிலிருந்த குழந்தையையும் சுமந்துகொண்டு, கணவரின் நண்பரான ரெட்டிராயர் என்பவரை நாடிப் பெரியபாளையம் வந்து சேர்ந்தார். அங்கேதான் பச்சையப்பர் பிறந்தார். சில ஆண்டுகளில் ரெட்டிராயரும் காலமாகவே, குடும்பம் மீண்டும் நிழலற்றுப் போயிற்று. பூச்சியம்மாள் பிள்ளைகளோடு சென்னைப் பட்டணத்திற்கு வந்தார். அங்கே பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷி அவர்களுக்கு ஆதரவளித்தார்.

பிறர் வீட்டுச் சோற்றில் வளரும் பிள்ளைக்குக் காசின் அருமை இருவகையில் பதியக்கூடும். கையில் காசு வந்த அன்றே அதைச் செலவிட்டு, நானும் ஒரு மனிதன் என்று ஊருக்குக் காட்டத் துடிப்பது ஒருவகை. இனி ஒருவர் வாசலில் நிற்கக் கூடாது என்று ஒவ்வொரு காசையும் எண்ணி வைப்பது மற்றொரு வகை. பச்சையப்பர் இரண்டாவது வழியில் போனார் என்பதற்கு அவர் வாழ்க்கையின் போக்கே சான்று.

நாராயண பிள்ளை அச்சிறுவனுக்குச் செய்த பேருதவி சோறன்று, கல்வி. எழுத்தும் வாசிப்பும், அவற்றினும் மேலாகக் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்தார். அக்காலத்துக் கணக்கு நம் காலத்துக் கணக்கைப் போல எளிதன்று. சென்னையில் வராகன், பணம், காசு என்று மூன்று வகை நாணயம் புழங்கிற்று. 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன் என்பது கம்பெனிக் கணக்கு. இதற்கிடையில் ஆர்க்காட்டு ரூபாய் வேறு. மூன்றரை ரூபாய் ஏறத்தாழ ஒரு நட்சத்திர வராகனுக்குச் சமம். தேய்ந்த நாணயத்திற்கு வட்டம் பிடிப்பார்கள்; ஊருக்கு ஊர் மதிப்பு மாறும். நூறு வராகன் கைமாறும்போது கணக்குத் தெரியாதவன் கையிலிருந்து இரண்டு மூன்று வராகன் அவன் அறியாமலே நழுவிப் போகும். கணக்குத் தெரிந்தவனுக்கு அது நழுவாது. சில வேளை மற்றவனிடமிருந்து நழுவியதும் அவனிடமே வந்து சேரும். இளமையில் பச்சையப்பர் பெற்ற முதல் மூலதனம் இந்த அறிவுதான்.

பதின்ம வயதிலேயே ஐரோப்பியருக்குப் பண்டங்கள் வாங்கித் தரும் தரகராகத் தொழில் தொடங்கினார். பின்னர் துபாஷியானார். துபாஷி என்றால் இருமொழி அறிந்தவர் என்பது சொற்பொருள். நடைமுறையில் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். கப்பலில் வந்திறங்கும் வெள்ளைக்காரருக்கு வீடு பார்ப்பது முதல், ஆள் வைப்பது, சரக்குப் பிடிப்பது, கடன் ஏற்பாடு செய்வது, அவர் பெயரில் வாணிகம் நடத்துவது வரை எல்லாம் துபாஷியின் கையில். துரைக்குப் பணம் வேண்டும்போது கொடுப்பவரும் பல வேளைகளில் துபாஷியே. ஊரிலுள்ள வணிகர் துபாஷியின் வாய்ச்சொல்லை நம்பியே துரைக்குச் சரக்குக் கொடுத்தனர். அந்தச் சொல் ஒருமுறை பொய்த்தால் மறுமுறை சரக்கு வராது. ஆகவே தரகைக் கூட்டி வாங்குவதிலும் சொன்ன நாளில் சொன்ன தொகையைச் செலுத்துவதே துபாஷிக்கு நெடுநாளைய இலாபமாக இருந்தது. இதை உணராத துபாஷிகள் பலர் ஓரிரு ஆண்டு மின்னி மறைந்தார்கள். பச்சையப்பரோ இருபது வயதைக் கடந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே பட்டணத்துச் செல்வர்களில் ஒருவராக எண்ணப்பட்டார்.

இங்கே நாம் சற்று நின்று, அதே நாளில் அதே பட்டணத்தில் வாழ்ந்த மற்றொருவரை நினைத்துப் பார்ப்பது நல்லது. அவர் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா. கர்நாடக நாடு முழுவதற்கும் வரி வாங்கும் உரிமை படைத்தவர். 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். ஆனால் போருக்கும் ஆடம்பரத்திற்கும் வாங்கிய கடனை அடைக்க மேலும் கடன், அதற்கு வட்டி, அந்த வட்டிக்கு மீண்டும் கடன் என்று போயிற்று அவர் கதை. பூந்தமல்லியை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக் கொடுத்தவர் அவரே. ஆங்கிலேயரின் படைச்செலவுக்கு ஈடாக நம் ஊரும் கைமாறியது. அவருடைய கடன் விவகாரம் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை சென்று, 1785-இல் எட்மண்டு பர்க் அதைப் பற்றி நெடுநேரம் முழங்கும்படி ஆயிற்று. 1795-இல் அவர் இறந்தார். ஆறு ஆண்டுக்குள், 1801-இல், நாடே கம்பெனியிடம் போயிற்று. 1855-க்குப் பின் அரண்மனையும் அரசுடைமையாயிற்று. வருவாயில் நவாபுக்கும் துபாஷிக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. கைக்கு வந்ததை என்ன செய்வது என்பதிலும் அவ்வளவு வேறுபாடு இருந்தது.

பச்சையப்பரைப் புகழ்ந்து எழுதுவோர் ஒரு பகுதியை விரைந்து கடந்துவிடுவர். நாம் அவ்வாறு செய்தல் நேர்மையன்று. சல்லிவன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் துபாஷியாக அவர் தஞ்சைக்குச் சென்றார். அங்கே தஞ்சை அரசர்க்குக் கடன் கொடுத்தார். அவருடைய செல்வத்தில் பெரும்பகுதி தஞ்சையில் திரண்டதே. அக்காலத்தில் அரசர்க்குக் கொடுக்கும் கடனுக்கு நிலவரியே பிணை. அரசர் வட்டி கட்டினார் என்றால் அது இறுதியில் உழவன் களத்திலிருந்து வந்த நெல்தான். ஐதர் அலியின் படையெடுப்பால் 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னாடு எரிந்து கிடந்தது. அந்த நிலத்திலிருந்தும் வரி பெயர்த்தார்கள். இதற்குப் பச்சையப்பர் ஒருவரைப் பொறுப்பாக்குவது முறையன்று. அவர் காலத்துப் பெருஞ்செல்வர் எல்லாரும் நடந்த வழி அது. ஆயினும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துவிட்டு ஈகையை மட்டும் பாடினால், பாதி வாழ்க்கையைத்தான் எழுதியவர் ஆவோம். பிற்காலத்தில் அவர் அறத்தின் மீது கொண்ட பற்றுக்கு இந்த நினைவும் ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என் எண்ணமே.

சென்னையில் அவர் கோமளீசுவரன்பேட்டையில், கூவம் கரையில் வீடமைத்து வாழ்ந்தார். காலையில் கூவத்தில் நீராடிக் கோமளீசுவரர் கோயிலில் வழிபடுவார் என்பர். திருவேற்காட்டு வழியே சென்று பட்டணத்தை அடையும் நம் கூவந்தான் அது! இன்றைய கூவத்தைக் கண்டவர்க்கு இச்செய்தி வியப்பாகவே இருக்கும்.

இல்வாழ்க்கை அவருக்கு அமைதி தரவில்லை. மனைவியர் இருவர், அவர்களுக்குள் ஒற்றுமையில்லை. சொத்தை ஏற்க ஆண்மகவும் இல்லை. உடல்நலமும் இளமையிலேயே குன்றிற்று, வாதநோய் வாட்டியது. பொருளை ஈட்டுவதில் காட்டிய விழிப்பை உடலைப் பேணுவதில் காட்ட அவருக்குக் காலம் வாய்க்கவில்லை போலும்.

1794-ஆம் ஆண்டு மார்ச்சு 22-ஆம் நாள், கும்பகோணத்தில் நோயுற்றிருந்த நிலையில் அவர் உயில் எழுதினார். தம் செல்வத்தைச் சிவ, வைணவத் தலங்களின் பூசைக்கும் அறங்களுக்கும் ஒதுக்கினார். அதனை நிறைவேற்றும் பொறுப்பைச் சிறுவயதில் தம்மை ஆதரித்த நாராயண பிள்ளையிடமே ஒப்படைத்தார். ஒன்பதாம் நாள், மார்ச்சு 31-இல், திருவையாற்றில் அவர் உயிர் பிரிந்தது. வயது நாற்பதுகூட நிறைந்ததோ இல்லையோ.

இனித்தான் நம் கட்டுரையின் முக்கியமான பகுதி. பெருஞ்செல்வர் இறந்தபின் நடப்பது யாவரும் அறிந்ததே. இவர் சொத்திலும் அதுவே நடந்தது. மனைவியர் பக்கத்தாரும் உறவினரும் உரிமை கோரினர். நிருவாகம் கைக்குக் கை மாறிற்று. அறங்கள் பல நின்றுபோயின. வழக்குகள் சென்னை உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. பத்தாண்டில் கரைந்துபோயிருக்க வேண்டிய செல்வம் அது. கரையாமல் காத்தது உயில் என்னும் அந்த எழுத்துதான். வாய்ச்சொல்லாக மட்டும் அறம் செய்யுங்கள் என்று கூறிவிட்டுப் போயிருந்தால், யார் வழக்குத் தொடுப்பது? எதை வைத்துத் தொடுப்பது? இளமையில் தரகுக் கணக்கை எழுதி எழுதிப் பழகிய கை, மரணப்படுக்கையிலும் எழுதாமல் விடவில்லை.

அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் என்ற ஆங்கிலேயர் இந்த அறப்பொருளை மீட்பதில் ஊக்கம் காட்டினார். 1832-இல் நீதிமன்றம் அறத்திற்குரிய பணத்தைக் காக்குமாறு தீர்ப்பளித்தது. கணக்குப் பார்த்தபோது வட்டி குவிந்து கிடந்தது! உயிலில் கண்ட கோயில் அறங்களுக்கெல்லாம் ஒதுக்கிய பின்னும் பல லட்சம் ரூபாய் மிஞ்சிற்று.

வட்டியின் வேலையை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இது நானே போட்டுப் பார்த்த கணக்கு. நூற்றுக்கு ஆறு வட்டி என்று கொள்வோம். வட்டியை எடுக்காமல் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால், பன்னிரண்டு ஆண்டில் பணம் இரட்டிக்கும். இருபத்து நான்கில் நான்கு மடங்கு, முப்பத்தாறில் எட்டு, நாற்பத்தெட்டில் பதினாறு மடங்கு. 1794-க்கும் 1842-க்கும் இடைப்பட்ட காலம் சரியாக நாற்பத்தெட்டு ஆண்டு. நடுவே எடுத்துச் செலவிட்டதும் ஏய்த்துத் தின்றதும் உண்டாகையால் பச்சையப்பர் பணம் பதினாறு மடங்கு ஆகவில்லை. ஆயினும் தின்றவர் தின்றது போக வளர்ந்தது. இதே வட்டி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். காலையில் தண்டல்காரரிடம் ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வாங்கிக் கூடைப்பூ எடுத்து, நாள்தோறும் நூறு நூறாகப் பத்து நாள் திருப்பிக் கட்டும் பெண்ணுக்குப் பத்தே நாளில் நூறு ரூபாய் போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் அவள் அப்படியே வாங்கிக் கட்டினால், கைம்முதலாக இருந்த தொள்ளாயிரத்துக்கு மூவாயிரத்தைந்நூறுக்கு மேல் வட்டியே கொடுத்திருப்பாள். அவளிடம் உழைப்பில் குறையில்லை. பச்சையப்பரை விட அதிகமாகவே உழைக்கிறாள். முதல் என்று சொல்லிக்கொள்ள ஒரு தொள்ளாயிரம் அவளுக்கென்று தனியே தங்கியதில்லை, அவ்வளவே. பச்சையப்பருக்கு நாராயண பிள்ளை கிடைத்தார். அவளுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிக்கனம் ஒன்றே எல்லாரையும் செல்வராக்கிவிடும் என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

மிஞ்சிய தொகையை என்ன செய்வது என்ற வினா எழுந்தது. பச்சையப்பர் கோயிலை நினைத்தார். பள்ளிக்கென அவர் தனியே ஒரு பள்ளிக்கூடம் கேட்கவில்லை. கல்விக்குச் செலவிடுவதென்று முடிவாயிற்று. அரசின் பணமும் பாதிரிமாரின் பணமும் இன்றி, இந்நாட்டார் ஒருவரின் பொருளால் ஆங்கிலக் கல்வி தரும் பள்ளி 1842-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சென்னையில் திறக்கப்பட்டது. ஏழை இந்துச் சிறுவர்க்குத் தொடக்க ஆங்கிலமும் அதனோடு தமிழும் தெலுங்கும் கற்பிப்பது அதன் நோக்கம். அறங்காவலர் கூடவும் வகுப்புகள் நடக்கவும் கிரேக்கக் கோயிலின் சாயலில் பெருந்தூண்களோடு ஒரு மண்டபம் எழும்பி, 1850-இல் திறக்கப்பட்டது. பாரிமுனைப் பக்கம் செல்வோர் அதனை இன்றும் காணலாம். பள்ளி படிப்படியாக வளர்ந்து 1889-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாகி, 1940-இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இப்போதுள்ள இடத்திற்குக் குடிபெயர்ந்தது.

அங்கே படித்தவர் பட்டியல் நீளமானது. கணித மேதை இராமானுசன் படித்து, கணக்கைத் தவிர மற்றவற்றைக் கவனியாமல் தேர்வில் தவறியதும் அங்கேதான். அறிஞர் அண்ணா பயின்று பட்டம் பெற்றதும், டாக்டர் மு. வரதராசனார் நெடுங்காலம் தமிழ் கற்பித்ததும் அங்கேதான். நம் பேராசிரியப் பெருமக்களுள்ளும் அக்கல்லூரியின் படிகளில் ஏறி இறங்கியவர் இருக்கக்கூடும்.

நூறாண்டுக்கும் மேலாக அங்கே இந்து மாணவர்க்கு மட்டுமே இடம் இருந்தது. அறக்கட்டளையின் விதி அப்படி. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் அந்த விதி தளர்ந்து, எல்லாச் சமயத்து மாணவர்க்கும் கதவு திறந்தது.