பெயர்ப்பலகையில் ஏறிய தமிழ்
நா. கோவிந்தசாமியின் வாழ்வும் பணியும்

தாமிரபரணிக் கரையில் அமைந்த ஆழ்வார்திருநகரியின் பெயரைத் தமிழில் எழுதுவதில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. உரோமன் எழுத்தில் எழுத முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ழகரத்திற்கு எல் என்னும் எழுத்தை இடுவோர் உண்டு. இசட், எச் என்னும் இரண்டையும் சேர்த்து இடுவோரும் உண்டு. திரு என்னும் சொல்லில் எச் வேண்டுமா, வேண்டாவா என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. நம்மாழ்வார் தோன்றிய குருகூர், உ.வே. சாமிநாதையர் பழந்தமிழ் ஏடுகளைத் தேடி வந்த கவிராயர்களின் ஊர், இணையத்தில் தனக்கென ஒரு முகவரி கொள்ள விரும்பினால் நெடுங்காலம் இத்தகைய திரிந்த வடிவங்களுள் ஒன்றையே ஏற்க வேண்டியிருந்தது.

இந்நிலை முத்துக்குளித்துறைக்குப் புதிதன்று. அக்கரையின் மக்களுக்கென 1554 ஆம் ஆண்டு லிசுபனில் அச்சான மறைநூலில் தமிழ்மொழி உரோமன் எழுத்திலேயே அமைந்தது. தமிழ் தன் சொந்த எழுத்தில் அச்சேற மேலும் 24 ஆண்டுகள் ஆயின. தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் பணிசெய்து தமிழ் கற்ற அண்டிரீக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் வெளிவந்தது. ஒரு புதிய கருவி தோன்றும்போது தமிழ் முதலில் இரவல் ஆடையில் அதனுள் நுழைவதும், பின்னர் எவரேனும் உழைத்து அதற்குத் தன் ஆடையை உடுத்துவதும் வரலாற்றில் மீண்டும் நிகழ்ந்தது. கணிப்பொறி வலையில் அவ்வுழைப்பைத் தொடங்கி வைத்தோருள் முதன்மையானவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஆவார்.

எழுத்தாளரும் ஆசிரியரும்

கோவிந்தசாமி 1946 ஆம் ஆண்டு ஏப்ரல் 18 ஆம் நாள் பிறந்தார். ஆசிரியப் பணியை வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட அவர், பிற்காலத்தில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக விளங்கினார். தமிழாசிரியர்களாக வரவிருந்தோருக்குப் பயிற்சி அளிக்கும் இடம் அது. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில், சிறுபான்மையினரின் மொழி சட்டத்தில் மட்டும் வாழாமல் வகுப்பறையிலும் வாழ வேண்டும் என்பதை அன்றாடம் உணர்த்திய பணி அது.

சிறுகதை ஆசிரியராகவும் திறனாய்வாளராகவும் அவர் பெயர் பெற்றார். 1977 இல் அவர் தோற்றுவித்த இலக்கியக் களம், இதழ்களில் வெளிவந்த சிறுகதைகளைக் கூடி ஆராய்ந்து மதிப்பிடுவதைத் தன் கடமையாகக் கொண்டது. பாராட்டு ஒன்றையே எதிர்பார்த்துப் பழகிய சூழலில், ஒரு கதையின் குறையையும் அவையில் எடுத்துரைக்கும் வழக்கத்தை இத்தகைய அமைப்புகளே வளர்த்தன. எழுதுபவர் சிலரும் படிப்பவர் சிலருமாக உள்ள ஒரு சிறிய சமூகத்தில் இலக்கிய அமைப்பொன்றை நடத்துவது எத்துணை உழைப்பைக் கோரும் என்பதை இலக்கிய வட்டங்களில் பங்கு கொண்டோர் நன்கு அறிவர். 1994 ஆம் ஆண்டுக்கான தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

கணியன்

இலக்கியத்தில் இவ்வாறு நிலைபெற்ற ஒருவர் நடுவயதில் கணிப்பொறியின் பக்கம் திரும்பியது பலருக்கு வியப்பளித்திருக்கக் கூடும். ஆயினும் அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே பணியின் இரு கூறுகளே. மாணவர் எந்தக் கருவியில் எழுதுகிறார்களோ அந்தக் கருவியில் தமிழ் இல்லையேல், வகுப்பறைக்கு வெளியே அம்மொழிக்கு வேலை இராது. இவ்வெண்ணத்தின் விளைவாக அவர் உருவாக்கிய தமிழ் மென்பொருளுக்குக் கணியன் என்று பெயரிட்டார். கணிப்பவன் என்னும் பொருளைத் தரும் அச்சொல், சங்கப் புலவர் பூங்குன்றனாரையும் நினைவூட்டுவது.

தமிழின் எழுத்துகள் 247 எனினும், 12 உயிரையும் 18 மெய்யையும் ஓர் ஆய்தத்தையும் கொண்டு அனைத்தையும் பெறலாம் என்பது இலக்கணம் கற்றோர் அறிந்ததே. மெய்யை அடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய் தோன்ற வேண்டும் என்னும் ஒலியியல் முறையிலேயே கோவிந்தசாமி விசைப்பலகையை அமைத்தார். தட்டச்சுப் பொறியில் கொம்பையும் காலையும் தனித்தனியே அடித்துப் பழகிய தலைமுறைக்கு இது புதுமையாகத் தோன்றியது. உண்மையில் அது பழைய இலக்கண மரபைக் கருவிக்குக் கற்பித்த முயற்சியே.

வலையில் ஒரு கவிதைத் தொகுப்பு

1995 ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளம் ஒன்றை அந்நாட்டின் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் டான் டின் வீ, லியோங் கொக் யோங் ஆகியோருடன் இணைந்து அதன் தமிழ்ப் பகுதி இயங்க வழிவகுத்தவர் கோவிந்தசாமி. வலையில் தமிழ் எழுத்து இடம்பெற்ற மிகத் தொடக்க கால நிகழ்வுகளுள் இது ஒன்று. உலகத் தமிழர் வலையில் முதன்முதல் கண்டவற்றுள் ஒரு கவிதைத் தொகுப்பும் இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

அக்காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு எழுத்துருவும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தன. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின. இதற்குத் தீர்வு காணும் பொருட்டு 1997 ஆம் ஆண்டு மே மாதம் 17, 18 ஆகிய நாள்களில் சிங்கப்பூரில் முதலாவது தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டுவதில் அவர் முன்னின்றார். பல நாடுகளில் தனித்தனியே உழைத்த வல்லுநர்கள் அங்கு ஒருங்கே அமர்ந்தனர். தன் மென்பொருளே தரமாக வேண்டும் என்னும் இயல்பான விருப்பம் ஒவ்வொருவருக்கும் இருந்த களத்தில், பொதுத்தரம் என்னும் பேச்சைத் தொடங்கி வைத்ததே அம்மாநாட்டின் பயன்.

வாயிலில் எழுதும் பெயர்

பக்கத்தின் உள்ளே தமிழ் வந்த பின்னரும் வாயிலில் தமிழ் வரவில்லை. இணையத்தில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் எண்களாலான முகவரி உண்டு. எண்களை நினைவிற் கொள்வது அரிதாதலின், அவற்றுக்கு ஈடாகப் பெயர்களை வழங்கும் முறையை 1983 இல் பால் மோக்கபெட்ரிசு வகுத்தார். டொமைன் எனப்படும் களப்பெயர் இதுவே. 26 உரோமன் எழுத்துகள், 10 எண்கள், ஓர் இணைகோடு ஆகிய 37 குறிகளுக்கே அதில் இடம் இருந்தது. எனவே தமிழ்க் கவிதையைப் படிக்க வருபவரும் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே கதவைத் திறக்க வேண்டியிருந்தது.

இத்தடையை நீக்கும் தொடக்க ஆய்வுகளுள் குறிப்பிடத்தக்கது, கோவிந்தசாமியுடன் பணியாற்றிய அதே டான் டின் வீயின் குழுவினரால் 1998 இல் அதே பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. எம்மொழி எழுத்தாலும் களப்பெயர் அமைக்கலாம் என்பதை அவர்கள் செய்து காட்ட முற்பட்டனர். நான்கு மொழிகளையும் ஒரே தளத்தில் இயங்கச் செய்த பட்டறிவு உடைய ஓரிடத்தில் அவ்வாய்வு முளைத்தது இயல்பே.

அதன் முழுப்பயனையும் காணக் கோவிந்தசாமிக்கு வாய்ப்பில்லை. 1999 ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் இரண்டாவது தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. மே 26 ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு அகவை 53. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்று ஆணை பிறப்பித்தது. மெய்யோடு உயிரைச் சேர்த்து உயிர்மெய் பெறும் முறை அதிலும் இடம்பெற்றிருப்பது அவர் சென்ற வழி சரியானது என்பதற்குச் சான்றாகும்.

அவருக்குப் பின்

பன்மொழிக் களப்பெயர்களுக்கான உலகப் பொதுத்தரம் 2003 இல் வெளியாயிற்று. 2010, 2011 ஆம் ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாடுகளின் பெயர்களும் தமிழ் எழுத்திலேயே இணையத்தின் மூலப் பட்டியலில் ஏறின. பிறந்து வாழ்ந்த நாட்டின் பெயரும் மூதாதையர் நாட்டின் பெயரும் தமிழில் அங்கு நிற்பதை அவர் கண்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.

இன்று தன் பெயரிலோ ஊர்ப் பெயரிலோ தளம் அமைக்க விரும்பும் ஒருவர், இந்தியா எனத் தமிழில் முடியும் களப்பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். நிலப்பதிவேட்டை அரசு பேணுவது போல, இந்தியக் களப்பெயர்களின் பட்டியலைத் தேசிய இணையப் பரிமாற்றக அமைப்பு பேணுகிறது. பதிவு முகவர்கள் அதன் சார்பில் விண்ணப்பங்களைப் பெறுகின்றனர். வேண்டிய பெயரை வேறொருவர் முன்னரே பெறவில்லை என்பதைப் பார்த்து, ஆண்டுக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆயினும் நிலத்தைப் போல அது நிரந்தரச் சொத்தாகாது, குத்தகையே ஆகும். புதுப்பிக்கும் நாளைத் தவறவிட்டால் நாளடைவில் அப்பெயர் எவருக்கும் உரியதாகி விடும். ஓர் அமைப்பின் களப்பெயரைத் தனி உறுப்பினர் ஒருவர் தம் பெயரில் பதிந்துவிட்டு விலகிச் செல்வதால் நேரும் இடர்ப்பாடும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

தமிழ் எழுத்துக்கே உரிய நுட்பங்களும் உள்ளன. ஔ என்னும் ஓரெழுத்தும், ஒ, ள என்னும் ஈரெழுத்துகளும் கண்ணுக்கு ஒன்று போலத் தோன்றும். க என்னும் எழுத்தும் ஒன்றைக் குறிக்கும் பழைய தமிழ் எண்ணும் அவ்வாறே. கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு. இவ்வொப்புமையைக் கொண்டு போலி முகவரி அமைக்காதவாறு விதிகள் வகுக்க வேண்டியிருந்தது. மேலும், அடித்தளத்தில் இன்றும் அப்பழைய 37 குறிகளே ஆட்சி செய்கின்றன. தமிழில் தட்டிய பெயரை மென்பொருள் எக்சு, என் என்னும் எழுத்துகளில் தொடங்கும் உரோமன் கோவையாக மாற்றியே வலைக்கு அனுப்புகிறது. தமிழ்க் களப்பெயரோடு இயைந்த மின்னஞ்சல் முகவரியை ஏற்காத தளங்களும் உண்டு. இக்காரணங்களாலும் பழக்கத்தாலும் தமிழர் பெரும்பாலும் ஆங்கில எழுத்துப் பெயர்களையே இன்றும் நாடுகின்றனர்.

எனினும், வழி இல்லாமையும் வழி இருந்தும் நடவாமையும் ஒன்றல்ல. ஆழ்வார்திருநகரி என்னும் பெயரை ழகரம் சிதையாமல் வாயிலில் எழுதும் வாய்ப்பு இன்று உள்ளது. அவ்வாய்ப்புக்கு முன்னதாக நிகழ வேண்டியிருந்த பணிகள், அதாவது விசையில் தமிழை அமைத்தலும், திரையில் தமிழைக் காட்டலும், தனித்தனியே உழைத்தோரை ஓரவையில் அமர்த்தலும், ஓர் ஆசிரியரின் ஓய்வு நேரங்களைப் பெரிதும் கொண்டன. கதை எழுதியிருக்க வேண்டிய நாள்களைக் கோவிந்தசாமி அதற்கு ஈந்தார். அவருடைய எழுத்தை அறியாதவரும் தமிழில் ஒரு விசையை அழுத்தும்போது அவர் உழைப்பின் பயனைப் பெறுகின்றனர்.